கிராஃபிக்ஸா, கேம்ப்ளேயா: புது கன்சோல் ஓடுமா என்று கணிப்பது எப்படி?

புது கன்சோல் அறிவிப்பு வந்ததுமே எல்லோரும் டெராஃப்ளாப்ஸ் (அதன் சிப் ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போடும் என்ற அளவு) எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் அதைக் கடைசியில் பாருங்கள், அவசரமே இல்லை.

முதலில் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு ஹெச்டி கிடையாது, 480பி-யோடு சரி. எதிரே பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்று இரண்டு பலசாலிகள். கடைசியில் 10 கோடியைத் தாண்டி விற்றது வீ மட்டும்தான், ஏனென்றால் ரிமோட்டைக் கையில் வீசினால் டிவியில் டென்னிஸ் மட்டை வீசும், அது வாழ்க்கையில் கேமே ஆடாதவருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதை: எக்ஸ்பாக்ஸும் கேம்கியூபும் பிளேஸ்டேஷன் 2-ஐ விட வலுவானவை, ஆனால் அது 15 கோடிக்கு மேல் போனது, இவை இரண்டும் ஆளுக்கு இரண்டரைக் கோடியைக்கூடத் தாண்டவில்லை.

சரி, அப்படியென்றால் கிராஃபிக்ஸ் தேவையே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். 2012இல் வந்த வீ யூ-வும் சக்தி குறைந்ததுதான், ஒன்றரைக் கோடியைக்கூட எட்டாமல் நின்றுபோனது. அது புது கன்சோலா, பழைய வீ-க்கு ஒரு துணைக்கருவியா என்றே பலருக்கு விளங்கவில்லை. மறுவருடம் வந்த பிளேஸ்டேஷன் 4 எக்ஸ்பாக்ஸ் ஒன்னை விட வலுவானது, அறிமுக விலையும் 100 டாலர் குறைவு, ஜெயித்தது. ஆக, பலவீனம் ஒரு தகுதி இல்லை.

நான் கேட்கிற முதல் கேள்வி: இந்தக் கூடுதல் சக்தியால் பழைய கன்சோலில் செய்யவே முடியாத எதைச் செய்யலாம்? 1996இல் சூப்பர் மரியோ 64 வந்தபோது முப்பரிமாண உலகத்தை வரையும் திறனும், அனலாக் ஸ்டிக்கைச் சாய்க்கிற அளவுக்கு மரியோ நடப்பதும் ஓடுவதும் ஒன்றாகவே வந்தன, அங்கே எது கிராஃபிக்ஸ், எது கேம்ப்ளே என்று பிரிக்கவே முடியாது. பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி-யும் (அதிவேக சேமிப்பகம்) அப்படித்தான், லோடிங் திரையில் உட்கார்ந்திருக்காமல் ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவலாம். தண்ணீரில் நிழல் இன்னும் அழகாக விழுகிறது என்பது மட்டும்தான் பதிலென்றால், எனக்கு அது பெரிதாகப் படாது.

அடுத்தது, கேம் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு சுலபம். இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் விதி பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. நின்டெண்டோ 64 முதல் பிளேஸ்டேஷனை விடச் சக்தி வாய்ந்தது, ஆனாலும் கேட்ரிட்ஜை, அதாவது கேமைச் சிப்பில் அடைத்துச் செருகும் பெட்டியை, விடவில்லை. அதில் அதிகபட்சம் 64 எம்பி, ஒரு சிடியிலோ சுமார் 650 எம்பி. அந்த இடம் போதாமல்தான் 1997இல் ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற பெரிய கேம் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, அதுவரை அந்தத் தொடரின் முக்கிய கேம்கள் நின்டெண்டோவில்தான் வந்துகொண்டிருந்தன. பிளேஸ்டேஷன் 3-இன் செல் பிராசஸரும் காகிதத்தில் அசுரன்தான், அதைப் பழக்குவதற்குள் டெவலப்பர்கள் நொந்துபோனார்கள்.

ட்ரெய்லர் பார்க்கும்போது, யாராவது கன்ட்ரோலரைப் பிடித்து உண்மையில் ஆடுகிறார்களா, இல்லை முன்கூட்டியே ரெண்டர் செய்த, அதாவது கணினியில் தயாரித்து வைத்த, படமா என்று பாருங்கள். நொடிக்கு 30 ஃபிரேமா (படமா) 60 ஃபிரேமா என்பதும் முக்கியம், ஏனென்றால் அது கண்ணுக்கு மட்டுமல்ல, கைக்கும் தெரியும்.

கையடக்கக் கருவியென்றால் பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேகாவின் கேம் கியரில் பின்னொளியோடு வண்ணத்திரை இருந்தது, ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். நின்டெண்டோவின் கேம் பாய்க்கு மங்கலான ஒற்றை நிறத் திரை, ஆனால் நாலு பேட்டரியில் அதைவிட நெடுநேரம் ஓடும், கூடவே டெட்ரிஸ். யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்தானே.

அப்புறம் டெராஃப்ளாப்ஸுக்கு வாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12, பிளேஸ்டேஷன் 5 சுமார் 10, அதிகம் விற்றது பிளேஸ்டேஷன் 5. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். இரண்டு மூன்று மடங்கு என்றால் கவனியுங்கள், அப்போது சில பெரிய கேம்கள் சக்தி குறைந்த கன்சோல் பக்கம் வராமலே போகலாம், அதனால் வெளி நிறுவனங்கள் அறிவித்திருக்கும் இரண்டாம் வருட கேம் பட்டியலையும் பார்த்துவிட்டு உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள்.