ஜெனரேட்டர் இன்லெட்டுக்கு எந்த வயர், எந்த முனை?

மாரி மழையில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைச் செருக, சுவரில் இன்லெட் ஒன்று வேண்டும், அதாவது கரண்டை வீட்டுக்குள் வாங்கும், பின்கள் உள்ள சொக்கெட். இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய வயர் மட்டும் வேண்டாம்: கழன்ற முனையின் வெறும் உலோகப் பின்களில் 230 வோல்ட் நிற்கும்.

5 கேவிஏ மெஷின் ஏறக்குறைய 22 ஆம்பியர் தரும். 16 ஆம்பியர் இன்லெட் தாங்காது, 32 ஆம்பியர் நீல நிற மூன்று பின் இன்லெட் வாங்குங்கள். உள்ளே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வீட்டை லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) வரை 7/0.85, அதாவது 0.85 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்ட 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். 20 மீற்றரில் 5 வோல்ட்டளவு இறங்கும், பரவாயில்லை. தூரம் அதற்கு மேல் என்றால் 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர். சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்ட வேண்டும். அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது.

ஜெனரேட்டரிலிருந்து இன்லெட்டுக்குப் போகும் லீட்டுக்கு 4 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் ரப்பர் பிளெக்ஸ். பிழை அதிகம் நடப்பது அதன் முனையில்தான். மெல்லிய இழைகளை முறுக்கி ஸ்குரூவில் திணித்தால் சில இழை வெளியே நிற்கும், மற்றவை நசியும். ஈயம் பற்றவைப்பது இன்னும் மோசம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல அமுங்கி, ஸ்குரூ தளர்ந்து, சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் சிறு உலோகக் குழாயான பெரூலை, 4 சதுர மில்லிமீற்றர் அளவில் மாட்டி, கிரிம்பிங் கருவியால் நசுக்குங்கள், குறட்டால் அல்ல. பிறகு இழுத்துப் பாருங்கள். எர்த் கோரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், லீட் இழுபட்டால் அது கடைசியாகவே கழர வேண்டும்.

கல்லடி, மருதமுனை போன்ற கடலோரப் பக்கம் உப்புக்காற்று வெறும் செம்பைப் பச்சையாக்கிவிடும். வெள்ளீயம் பூசிய முனையும் தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 தர இன்லெட்டுமே அங்கு நிற்கும்.