சிப்பிப்பாறையும் கன்னி ஆடும் ஒரே தோட்டத்துல - என் அனுபவம்

எங்க தோட்டம் கோவில்பட்டி பக்கம், கன்னி இன ஆடு பதினொண்ணு இருக்கு, காவலுக்குன்னு ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கி விட்டோம். எட்டு மாசம் வரைக்கும் பிரச்சினை இல்ல, ஒருநாள் சாயங்காலம் பட்டியில இருந்து துள்ளி ஓடின ஆட்டுக்குட்டிய துரத்திப் போயி பின்னந்தொடையில பல்லு பதிச்சிருச்சு. ஆட்டுக்குட்டி பொழச்சுகிச்சு, ஆனா எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

முயல் வேட்டைக்கு வளர்த்த இனம் அது, ஓடுறத பாத்தா துரத்தத்தான் செய்யும், அடிச்சா பயம் வருமே தவிர அந்தக் குணம் போகாது. அதனால நடுவுல 5 அடி கம்பி வலை போட்டேன், தினம் காலைல நல்லா ஓடவிட்டு களைச்சப்புறம் 20 அடி கயித்துல கட்டி மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போவேன், ஆட்ட பாத்து காது விறைச்சு அசையாம நிக்கும் பாருங்க, அப்பவே பேர சொல்லிக் கூப்புடணும், ஓடினப்புறம் கூப்பிட்டு பிரயோஜனமே இல்ல, திரும்பினா அவிச்ச முட்டைல ஒரு துண்டு. நாலு மாசம் ஆச்சு சரியாக.

இன்னொண்ணு, ஆடு ஈனுனா நஞ்சுக்கொடிய உடனே ஆழமா புதைச்சிருங்க. பச்சைக் குடலும் போடாதீங்க, அதுல நாய்க்கு நாடாப்புழு வரும், நாய் கழிவு வழியா திரும்ப ஆட்டுக்கே வரும். குடற்புழு மருந்து மூணு மாசத்துக்கு ஒருக்க, வெறிநாய் ஊசி வருஷா வருஷம் போட்டுர்றேன்.

இப்பவும் சின்னக் குட்டிகளோட அத தனியா விடுறதில்ல, ராத்திரி வலைக்கு வெளிய படுத்துக்கிட்டு காவல் காக்குது.