பழைய டேட்டாபேஸ்குள்ள என்ன கிடக்குன்னு ஒர்க்பெஞ்ச்ல எடுத்து எழுதி வைக்கது எப்படி

போன மாசம் நயினார்குளம் மார்க்கெட்ல ஒரு காய்கறி கமிஷன் கடைக்கு வேலையா போயிருந்தேன், பத்து வருசத்துக்கு மேல ஓடுத பில்லிங் சாஃப்ட்வேர், எழுதிக் கொடுத்தவரு வெளிநாடு போயாச்சு, உள்ள 43 டேபிள், எது எதுக்குன்னு ஒரு துண்டுத்தாள்ல கூட இல்ல. இந்த மாதிரி ஒண்ணு உங்க கைக்கு வந்தா என்ன செய்யணும்னு நான் செஞ்ச வரிசையிலயே சொல்லுதேன், புதுசா பாக்கவங்களும் பைய பாத்துச் செஞ்சிரலாம்.

அந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓடுதது. அதைத் திறந்து பாக்க மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதோட கம்யூனிட்டி எடிஷன் போதும், காசு கிடையாது. அதுல உள்ள 'ரிவர்ஸ் இன்ஜினியர்'ங்கிற வசதி டேபிள், ஃபீல்டு (டேபிள்ல உள்ள ஒவ்வொரு பத்தி), கீ (வரிசைய அடையாளம் காட்டுத ஃபீல்டு), வியூ (சேமிச்சு வச்ச கேள்வி, டேபிள் மாதிரி தெரியும்) இதோட அமைப்ப மட்டும் எடுத்து ஒரு மாடல் ஃபைலா வச்சுக்கிடும், உள்ள இருக்க கணக்க தொடாது.

மொத வேலை, பாக்க மட்டும் உரிமை உள்ள ஒரு யூசர். எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசர்ல, இந்த புது யூசர உருவாக்க மட்டும் உள்ள போங்க, பெறவு வார வேலைய ரூட் பாஸ்வேர்ட வச்சு செய்யவே செய்யாதீங்க. சர்வர் மெனுல 'யூசர்ஸ் அண்ட் பிரிவிலேஜஸ்' போயி 'ஆட் அக்கவுண்ட்' குடுங்க, பேரு, பாஸ்வேர்டு போடுங்க, 'லிமிட் டு ஹோஸ்ட்ஸ் மேட்சிங்'ங்கிற எடத்துல சதவீதக் குறி கிடக்கும், அதை அப்படியே விட்டா எந்த கம்ப்யூட்டர்ல இருந்தும் உள்ள வரலாம்னு அர்த்தம், அதனால உங்க கம்ப்யூட்டரோட ஐபிய (நெட்வொர்க்ல அதுக்குள்ள முகவரி எண்) மட்டும் போடுங்க. பெறவு 'ஸ்கீமா பிரிவிலேஜஸ்' டேப்ல (ஸ்கீமான்னா இங்க டேட்டாபேஸ்தான்) கடையோட டேட்டாபேஸ தேர்ந்தெடுத்து 'செலக்ட்', 'ஷோ வியூ' ரெண்ட மட்டும் டிக் பண்ணுங்க. இதை மறந்தா கனெக்ஷன் நல்லா கிடைக்கும், ஆனா லிஸ்ட்ல அந்த டேட்டாபேஸே வராது, ஏன்னா உரிமை இல்லாத யூசருக்கு மைஎஸ்க்யூஎல் அதை காட்டாது. டேட்டா போச்சோன்னு பதறிராதீங்க.

அடுத்து முகப்புல 'மைஎஸ்க்யூஎல் கனெக்ஷன்ஸ்' பக்கத்துல இருக்க கூட்டல் குறிய அமுக்கி ஹோஸ்ட் (சர்வர் ஓடுத கம்ப்யூட்டரோட ஐபி), போர்ட் 3306, இப்ப உருவாக்குன யூசர் பேரு போட்டு 'டெஸ்ட் கனெக்ஷன்' குடுங்க. 'ஆக்சஸ் டினைடு'ன்னு வந்தா பாஸ்வேர்டு தப்பு, இல்லைன்னா மேல சொன்ன ஐபி தப்பு. கனெக்ட்டே ஆகலைன்னா சர்வர் ஓடுதான்னு பாருங்க, ஓடுனா ஃபயர்வாலயும் கான்ஃபிக் ஃபைல்ல 'பைண்ட் அட்ரஸ்' 127.0.0.1ன்னு இருக்கான்னும் பாருங்க, அப்படி இருந்தா அந்த கம்ப்யூட்டர விட்டு வெளிய இருந்து யாரும் உள்ள வரமுடியாது.

இனி இம்போர்ட். டேட்டாபேஸ் மெனுல 'ரிவர்ஸ் இன்ஜினியர்', கனெக்ஷன தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட், ஸ்கீமா லிஸ்ட்ல நமக்கு வேண்டியத மட்டும் டிக், டயகிராம்ல போடவான்னு கேக்கும், சரின்னு விட்டு எக்ஸிக்யூட். முடிஞ்ச உடனே சேவ் பண்ணிருங்க.

எனக்கு வந்த டயகிராம்ல 43 பெட்டி, ஒண்ணுக்கொண்ணு ஒரு கோடு கூட இல்ல. டேபிள் எல்லாம் மைஐசாம்ங்கிற சேமிப்பு வகை, அதுல ஃபாரின் கீயே கிடையாது, ஒரு டேபிள இன்னொண்ணோட இணைக்க அந்தக் கீதான் டயகிராம்ல கோடா வரும். 2010ல வந்த 5.5 வெர்ஷன்ல இருந்துதான் ஃபாரின் கீ உள்ள இன்னோடிபி வகை தானா வரும், அதுலயும் எழுதுனவரு கீ சொல்லலைன்னா கோடு வராது. அப்போ நாமதான் கையால வரையணும், இடது பக்க டூல் வரிசையில இருக்கிற ஃபீல்டையே வச்சு உறவு போடுத ஐகானத்தான் எடுக்கணும், மத்த உறவு ஐகான் எல்லாம் புது ஃபீல்ட சேத்துரும். இது நம்ம மாடல் ஃபைலுக்குள்ள மட்டும் நடக்கது. 'ஃபார்வர்ட் இன்ஜினியர்', 'சிங்க்ரனைஸ்' இந்த ரெண்டும் டேட்டாபேஸ்லயே எழுதப் போகும், அந்தப் பக்கமே போவாதீங்க, தெரியாம அமுக்குனாலும் நம்ம யூசருக்கு எழுத உரிமை இல்லைங்கிறதால தப்பிச்சிருவோம்.

இதுவரைக்கும் அரை மணி நேர வேலைதான். அர்த்தம் எழுதுததுலதான் நாள் போகும், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். சிட்டை டேபிள்ல 'டபிள்யூ2'ன்னு ஒரு ஃபீல்டு, ரெண்டாவது எடைன்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தோம், பாதி வரிசையில காலியா கிடந்துச்சு. கணக்கு பாக்க அண்ணாச்சிகிட்ட கேட்டேன். கம்பியில குத்தியிருந்த சிட்டையில ஒண்ண உருவி விரல வச்சுக் காட்டுனாவ. "தம்பி, இது சாக்கு கழிவுல்லா. வாழையிலை கட்டுக் கணக்கு, அதுக்கு ஏது சாக்கு? அதான் வெறுமனே கிடக்கு."

டேபிள ரெட்டை கிளிக் பண்ணி, அந்த ஃபீல்ட தேர்ந்தெடுத்து, கமெண்ட்ஸ் பெட்டியில தமிழ்லயே எழுதிட்டேன்: 'சாக்கு கழிவு, கிலோவில். கட்டுக் கணக்குச் சரக்குக்கு காலியாக இருக்கும்.' அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, நாளைக்கு கடையில யாரு படிச்சாலும் புரியும்.

எல்லாம் எழுதுனப்பெறவு ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் போயி டயகிராம பிடிஎஃப்பா எடுத்துக்கிடுங்க, அதுல படம் மட்டுந்தான் வரும், கமெண்ட் மாடல் ஃபைலுக்குள்ளதான் இருக்கும், அதனால ரெண்டையும் சேத்து வைங்க. எனக்கு இன்னும் 11 டேபிள் பாக்கி, அண்ணாச்சி ஏலம் முடிஞ்சு ஆள் குறைஞ்ச பெறவு வரச் சொல்லிருக்காவ.