தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு கவிதையும் மாயக்கதையும் எழுத

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் இருந்துகொண்டு ஃபேண்டசி எழுதுகிறேன் என்று சொன்னால், "எந்தப் பேப்பர்ல வருது?" என்று முதலில் கேட்பார்கள். அப்புறம் "அதுல என்ன கிடைக்கும்?" என்பார்கள். இரண்டுக்கும் பதில் இல்லாமலே ஆரம்பிக்கலாம். பதிப்பகம் கிடையாது, பக்கத்தில் எழுத்தாளர் வட்டம் கிடையாது, ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொக்குகிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது. கதையில் வரும் உலகம், கவிதை, அச்சடிக்கும் பிரதிகள், எல்லாமே.

முதலில் நேரம். கவிதைக்கும் நாவலுக்கும் ஒரே நேரத்தை ஒதுக்காதீர்கள். கவிதையைக் கம்பெனி பஸ்ஸிலும், கிளினிக்கில் நம்பர் வரும்வரை காத்திருக்கும்போதும் கைப்பேசியிலேயே எழுதிவிடலாம். ஃபேண்டசிக்கு அது ஒத்துவராது. நேற்று எந்த விதியை எழுதினோம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தலையில் ஏற்றிக்கொள்வதற்கே அரை மணி நேரம் போய்விடும். அதனால் வாரத்தில் ஓய்வு நாள் ஒன்றை, பசியாறியதும், யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், அதற்கென்று எடுத்து வையுங்கள். வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒளிந்து எழுதினால் ரெண்டு வாரத்தில் சண்டை வரும்.

இப்போது உலகத்தைக் கட்டும் வேலை. புதிதாக எழுத வருகிறவர்கள் பலர் ஏழு ராஜ்ஜியம், மூன்று கண்டம், வரைபடம் என்று தொடங்கி வரைபடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே ஒரு ரப்பர் தோட்டத்தை எடுங்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பெரட்டுக் களம் (விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஸ்டோர், மாரியம்மன் கோயில், எல்லையில் ஒரு முனியாண்டி, அதற்கு அந்தப் பக்கம் காடு. இவ்வளவு போதும். இதில் எந்தப் படியில் உட்கார்ந்தால் கால் சுடும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும், அல்லது தெரிந்த பாட்டி ஒருவர் இன்னும் இருப்பார். அவரிடம் போய் "பாட்டி, கதை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், ஒன்றும் வராது. "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, வெளக்கு எதுல கட்டிக்குவீங்க, மழை வந்தா மங்குல இருக்கிற ரப்பர் பாலை என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பேச்சு நிற்காது. நடுவில் தானாகவே பேய் வரும்.

அப்புறம் ஒரே ஒரு மாயத்தை அந்தத் தோட்டத்துக்குள் விடுங்கள். அந்த மாயம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஏதாவது ஒரு வேலைக்குள்ளிருந்து வந்தால் நல்லது. ஒரு உதாரணம். விடியுமுன் பெரட்டு. தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார். யார் பெயரை அவர் கூப்பிடவில்லையோ அந்த ஆள் அன்று முழுக்க யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். அவ்வளவுதான் மாயம். இதற்கு விதிகளை எழுதுங்கள். பொழுது விடிந்த பிறகு கூப்பிட்டால் பலிக்காது. செக்ரோலில் எப்படித் தப்பாக எழுதியிருக்கிறதோ அப்படியேதான் கூப்பிட வேண்டும், திருத்திக் கூப்பிட்டால் வேறொருவர் வந்து நிற்பார். செத்தவர் பெயரையும் கூப்பிடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கிராணி தன் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை மறந்துவிடுவார். செலவு இல்லாத மாயம் கதைக்கு உதவாது. யாருக்கு எவ்வளவு செலவு என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதிக் கதையில் கதாநாயகன் மாட்டிக்கொள்ளும்போது விதியை லேசாக வளைக்கத் தோன்றும், அப்போது அந்தத் தாள்தான் கையைப் பிடிக்கும்.

எழுதும்போது மாயத்துக்குப் பெரிய சொற்களைப் போடாதீர்கள். "இருள் சூழ்ந்த அந்த மர்மக் காலையில் ஓர் அமானுஷ்ய சக்தி அவனை ஆட்கொண்டது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதைப் பாருங்கள்:

மாரிமுத்து கையைத் தூக்கினார். கிராணி அவரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "இவரு இன்னும் வரலைங்கய்யா" என்றாள்.

சிவப்பு அடையாள அட்டையோடு பிறந்த மண்ணிலேயே குடியுரிமை இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பெயர் தப்பாகப் பதிவானதால் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களும் இருக்கிறார்கள். அதையெல்லாம் கதைக்குள் ஒரு வரிகூட விளக்க வேண்டாம். இங்கே படிக்கிறவருக்குப் புரியும், வேறெங்காவது படிக்கிறவருக்கு ஏதோ ஒன்று உறுத்தும்.

ஊருக்கு வெளியே போய்ப் பார்ப்பதானால் கெடாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, கோயில் அடித்தளங்களும் அருங்காட்சியகமும் உண்டு. இராஜேந்திர சோழன் கடாரத்தின் (இந்தக் கெடாவின் பழைய பெயர்) மேல் படையெடுத்தது 1025 வாக்கில். ஆனால் நான் சொல்வேன், கப்பல், யானை, வெற்றி முழக்கம் வேண்டாம், அதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். கப்பல் வந்த அன்று கரையில் உப்பு விற்றுக்கொண்டிருந்தவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள். மலாய்க்காரர்கள் சொல்லும் ராஜா பெர்சியோங் கதை இதே கெடாவுடையதுதான். சமையல்காரியின் விரல் வெட்டுப்பட்டு ஒரு சொட்டு ரத்தம் கீரையில் விழுந்துவிட, அந்த ருசிக்கு ராஜா அடிமையாகிக் கோரைப்பல் முளைத்துப்போன கதை. நம் ரத்தக்காட்டேரிக்கும் அவருக்கும் ஒரே வீட்டுப் பின்வாசலில் சந்திப்பு நடந்தால் எப்படி இருக்கும்? மலாய்க்காரர்கள் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத ஓராங் பூனியான், சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வம் டத்தோ கோங், நம் மதுரை வீரன் எல்லாரும் ஒரே காட்டில் இருப்பதாகத்தானே நாம் வளர்ந்தோம். ஒரு விஷயம் மட்டும், அடுத்தவர் நம்பிக்கையைக் கதையில் வைக்கும்போது அந்த வீட்டு நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். நாம் அதை எங்கே கொச்சைப்படுத்துகிறோம் என்பது நம் கண்ணில் படாது.

கவிதைக்கு வருவோம். இங்கே மரபுக்கவிதை எழுதுபவர்களும் புதுக்கவிதை எழுதுபவர்களும் ஒருவரையொருவர் பார்த்து மூக்கைச் சுளிப்பது பழைய கதை. ஃபேண்டசி எழுதுகிறவருக்கு இரண்டுமே வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். தமிழில் மந்திரத்துக்கு ஆயத்தமாக ஒரு இலக்கணமே இருக்கிறது. பாட்டியல் என்ற இலக்கண நூல்கள் செய்யுளின் முதலில் மங்கலச் சொல் வர வேண்டும், நச்செழுத்து (தீங்கு தரும் எழுத்து) வரக்கூடாது என்கின்றன. புலவன் அறம் பாடினால், அதாவது சபித்துப் பாடினால், பாட்டுடைத் தலைவனே அழிவான் என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. இதைவிட நல்ல மந்திர முறையை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டுமா என்ன?

உங்கள் கதையில் மந்திரங்களை வெண்பாவாக வைத்துப் பாருங்கள். மா, விளம், காய் என்று முடியும் சீருக்கு அடுத்த சீர் எந்த அசையில் தொடங்க வேண்டும் என்பதற்கு அதில் விதி உண்டு, அதுதான் தளை. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றாக முடிய வேண்டும். தளை தட்டினால் மந்திரம் பலிக்காது, அல்லது தப்பான ஆள் மேல் பலிக்கும். ஒரு கிழவர் பல் போனதால் ஒரு எழுத்தை விழுங்கிவிட, நிரையசை நேரசையாகிவிட்டது என்று ஒரு காட்சி எழுதினால் இலக்கணம் படித்தவருக்கும் சிரிப்பு வரும், படிக்காதவருக்கும் பயம் வரும். இதற்காகவாவது வெண்பா கற்றுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தப்பும் தவறுமாகத்தான் வரும், பரவாயில்லை. கதையில் பலிக்காத மந்திரங்களும் தேவைப்படும், அங்கே போட்டுவிடலாம்.

புதுக்கவிதையில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. கடைசி வரியில் எல்லாவற்றையும் விளக்கிவிடுவோம்.

ராத்திரி முழுக்க மழை.
வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
படுக்காமல்
உட்கார்ந்திருக்கிறாள் அம்மா.
ஏழையின் வானம் இப்படித்தான் அழும்.

கடைசி வரியை வெட்டுங்கள். ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அம்மா ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நாலு வரியிலேயே வந்துவிட்டது. கைத்தட்டல் அந்த ஐந்தாவது வரிக்குத்தான் விழும் என்பதும் உண்மை, கவியரங்கத்தில் வாசிக்கும்போது வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வேண்டாம்.

தட்டச்சு விஷயத்தில் நமக்குக் கவலை இல்லை. முரசு அஞ்சலும் செல்லினமும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை. எதில் எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து உங்கள் நாவல் புரியாத குறிகளாகத் திறக்கும். பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு ஆபத்து. தமிழ் தெரியாத கடையில் கொடுத்தால், பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கொம்பும் காலும் பிரிந்து போகும், 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று துண்டு எழுத்து தனித்தனியாக நிற்கும். இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பை அதில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே பக்கம் அமைத்து எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். எப்படியானாலும் ஒரு மாதிரிப் பிரதியைத் தாளில் வாங்கிக் கையில் வைத்துப் படிக்காமல் முழு வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கிடையாது. தேசிய நூலகத்தில் விண்ணப்பித்தால் கொடுப்பார்கள், தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான புத்தகத்தில் 5 பிரதிகளை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கணக்குப் போடும்போதே அதை ஒதுக்கிவிடுங்கள். பதிப்பித்தவர், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் உள்பக்கத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமை நீங்கள் எழுதிய உடனே உங்களுடையது, வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும். அதைப் பதிந்து தருகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வேண்டுமென்றால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் நீங்களே பதிவு செய்யலாம், கட்டாயம் இல்லை.

எத்தனை பிரதி? டிஜிட்டல் அச்சில் நூறு போதும். ஆயிரம் அடித்தால் ஒன்றுக்கு ஆகும் விலை குறைவுதான், ஆனால் மீதி எல்லாம் உங்கள் கட்டிலுக்கு அடியில் கரையானுக்கு. நூறு தீர்ந்தால் இன்னொரு நூறு.

வெளியீட்டு விழா வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசு. நம் நாட்டில் விழாவில்தான் புத்தகம் விற்கிறது, அதை மறுப்பதற்கில்லை. தலைவர் முதல் நூல் வாங்குவார், வந்தவர்கள் என்வலப்பில் வைத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் அச்சுக் கூலி வந்துவிடும். ஆனால் மண்டபம், மாலை, பொன்னாடை, சாப்பாடு என்று போனால் வந்தது அப்படியே திரும்பிப் போகும். கோலாலம்பூரில் சோமா அரங்கம் வரைக்கும் போக ஆசை இருந்தால் இரண்டாவது புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்துக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ போதும். பேச்சாளர் இரண்டு பேர், அதில் ஒருவராவது புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சிறுவர்களுக்கான மாயக்கதை என்றால் இன்னொரு வழி உண்டு. நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நூலகத்துக்கு உள்நாட்டுக் கதைப் புத்தகம் தேடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள், விற்பதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று பாருங்கள், அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கிண்டிலில் தமிழ் மின்னூலை 2016 முதல் ஏற்றலாம். அமெரிக்காவோடு நமக்கு அதற்கான வரி ஒப்பந்தம் இல்லாததால் அங்கே விற்பதன் உரிமைத் தொகையில் 30 விழுக்காடு பிடித்துவிடுவார்கள், அதிர்ச்சியடைய வேண்டாம். ஞாயிறு பேப்பர்களுக்கும் கவிதை அனுப்புங்கள். மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் எதுவானாலும் வாசகர் அங்கேதான் இருக்கிறார். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றபோது எத்தனையோ பேருடைய முதல் கவிதை வந்த இடம் போயிற்று. இருப்பதையாவது வாங்கிப் படியுங்கள்.

கடைத்தெருவில் புத்தகம் வைக்கச் சம்மதிக்கும் கடைகளில் கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே பேசி, கொடுத்த பிரதிக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் போய் நிற்காதீர்கள், அவர்களுக்கு முறுக்கு விற்கவே நேரம் போதாது. தைப்பூசம் முடிந்த வாரம் போங்கள்.