கேம்பர் வேனில் முதல் இரவு: இலங்கையின் கிழக்குக் கரையில் குடும்பத்துக்கு ஏற்ற இடம் பார்ப்பது எப்படி?

வாடகைக்கு எடுத்த கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்துத் தூங்க வசதி செய்த வேன்) எங்கள் குடும்பம் கழிக்கவிருந்த முதல் இரவுக்கு, கோமாரிக்கு அப்பால் ஒரு வெறுங்கரையைத் தெரிவு செய்திருந்தேன். ஆளில்லாத மணல், பின்னால் சவுக்கு மரங்கள், முன்னால் கடல். வேனை நிறுத்தியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மகன், மலசலகூடம் எங்கே?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. வேனைத் திருப்ப முயன்றபோது பின்சில்லுகள் இரண்டும் மணலில் புதைந்தன. இருட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் வந்த கடற்றொழிலாளர்கள்தான் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, இது கரைவலை இழுக்கும் பாடு. விடியமுன் தோணி இறங்கும். இந்த இடத்தில் வண்டி நிற்கக் கூடாது."

அன்றிரவு வீட்டுக்கே திரும்பினோம். மகள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். அதன்பிறகு பல தடவை போய்விட்டோம். இப்போது பிள்ளைகளே அடுத்த பயணம் எப்போது என்று கேட்கிறார்கள். இடம் பார்க்கும் முறையை மாற்றியதுதான் காரணம். வீட்டில் மிக மூத்தவரும் மிக இளையவரும் பயமின்றித் தூங்கி எழக்கூடிய இடம் எது என்று பாருங்கள். அழகான கரை இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

படி 1: மாதத்தைத் தீர்மானியுங்கள்

ஐப்பசியில் தொடங்கித் தை வரை நமக்கு மாரி. வாடைக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், வாவி நிரம்பும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறார்கள். கார்த்திகையில் கரையில் படுக்கப் போகிறோம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், விடமாட்டார்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் தணிந்திருக்கும். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று நிலத்தின் சூட்டைச் சுமந்துகொண்டு மேற்கிலிருந்து வரும். பிற்பகலில் தகர உடம்பு கொண்ட வேனுக்குள் குழந்தையை வைத்திருக்க முடியாது. ஆகவே புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பின் வரும் சித்திரைக் கடைசியும் வைகாசியும் முதல் பயணத்துக்கு நல்லவை என்பது என் கருத்து. நீண்ட வார விடுமுறையைத் தவிருங்கள்.

படி 2: வீட்டுக்குப் பக்கமாகப் பாருங்கள்

இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரமே முதல் தடவைக்குப் போதும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அம்மாவுக்கு முதுகு பிடிக்கலாம். மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா சுமார் 35 கிலோமீற்றர். பொத்துவிலோ நூறு கிலோமீற்றருக்கும் மேல். அதுவும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊரும் ஊரும் தோள் உரசி நிற்கும் வீதி. உயரமான வேனைப் புதிதாக ஓட்டுபவர் அதில் விரைவாகப் போக முடியாது, போகவும் கூடாது. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்களுக்கு அறுகம்பை கிட்ட.

எங்கே போனாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில் பார்க்காத நிலத்தில் இரவு வண்டியைச் செலுத்தக் கூடாது.

படி 3: எந்தக் கரை?

வெளிநாட்டுப் படங்களில் காண்பதுபோல, ஒவ்வொரு வேனுக்கும் மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் வைத்த முகாம்தளங்கள் நம் கரையில் வரிசையாக இல்லை. நம்மிடம் இருப்பவை விருந்தினர் விடுதிகளின் வளவுகள், கபானா எனும் சிறு குடில்களை வாடகைக்கு வைத்திருப்பவர்களின் தென்னந்தோட்டங்கள், தெரிந்தவர்களின் காணிகள். கடற்கரையோ அரச நிலம். அங்கே இரவு தங்க நினைத்தால் கிராம உத்தியோகத்தரிடமும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும் முதலில் கேட்க வேண்டும். முதல் பயணத்துக்கு வேலியும் வாயிற்கதவும் உள்ள வளவே சரி.

சிறு பிள்ளைகள் இருந்தால் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். குடாவுக்குள் தண்ணீர் ஆழமற்றது. நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் இருக்கும். அலை மிகக் குறைவு. ஆனாலும் பவளப்பாறைத் துண்டுகள் காலைக் கீறும், படகுகளும் ஓடும். பிள்ளைகளுக்குச் செருப்புப் போடுங்கள், நீங்களும் தண்ணீருக்குள் கூடவே நில்லுங்கள். வார இறுதியில் பாசிக்குடா ஆட்களால் நிரம்பிவிடும். பக்கத்துக் கல்குடா அமைதியானது. அங்கே தங்கிக்கொண்டு குளிக்க மட்டும் பாசிக்குடாவுக்குப் போவது எங்கள் வழக்கம். வாழைச்சேனைச் சந்தையும் கிட்ட இருக்கிறது.

கல்லடிக் கரை பார்க்க அருமையானது. ஆனால் அங்கே மணல் சட்டென்று சரிந்து ஆழமாகும், அலை காலை இழுக்கும். மாலையில் உலாவுங்கள், பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். அறுகம்பை அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அதன் காலம். வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பழகிய ஊர் என்பதால் வளவில் வேன் நிறுத்தக் கேட்டால் யாரும் வியப்படைய மாட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல இடம்.

பாணமைக்குத் தெற்கே, உகந்தை வரை உள்ள கரை எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் அது யானை நடமாடும் காடு. மாம்பழமும் வாழைப்பழமும் ஏற்றிய வேனை யானையின் மூக்கு தேடி வரும். குமண தேசிய பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதியோடு, குறித்த இடத்தில் மட்டுமே முகாமிடலாம். அனுபவம் வந்த பிறகு போங்கள்.

படி 4: வெளியேறும் வழியைப் பாருங்கள்

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரை பல இடங்களில் ஒரு நாடா போன்றது: கிழக்கே கடல், மேற்கே வாவி. நாவலடி அப்படிப்பட்ட நிலம். 2004 டிசெம்பர் 26 சுனாமி அங்கே எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோனது என்பதை இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அங்கே இருக்கும் நினைவுத் தூபியின் முன் நிற்கும்போதெல்லாம், ஓடுவதற்கு நிலம் இல்லாமல் போனதைத்தான் நினைப்பேன்.

ஆகவே நீங்கள் தெரிவு செய்யும் வளவிலிருந்து பிரதான வீதிக்கு எத்தனை நிமிடம், இடையில் பாலம் உண்டா, இரவில் வாயிற்கதவு பூட்டப்படுமா, திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். உட்பக்கமாக உயர்ந்த நிலம் எது என்று ஊரவர் ஒருவரிடம் கேட்டு வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 ஆகிய மூன்று இலக்கங்களையும் எழுதி வேனின் கதவில் ஒட்டுங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளோடு அந்த வழியை ஒரு தடவை நடந்து பார்ப்போம். அவர்களுக்கு அது விளையாட்டு.

படி 5: வளவுக்காரரிடம் கேட்க வேண்டியவை

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 5 லீற்றர், கழுவவும் மலசலகூடத்துக்கும் இன்னும் 10 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு 75 லீற்றர். சிறிய வேன் ஒன்றின் தாங்கி 40, 50 லீற்றர்தான் கொள்ளும். ஒரு நாளுக்கே போதாது. எனவே கிணறா குழாயா, கிணற்று நீர் உவர்ப்பா என்று கேளுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் குளிக்கலாம், குடிக்க முடியாது. குடிநீர் வீட்டிலிருந்தே போகட்டும்.

அடுத்தது மின்சாரம். வேனின் 12 வோல்ட் பற்றரி 100 அம்பியர்-மணி (மின்னைச் சேமிக்கும் கொள்ளளவு) என்றால், சாதாரண ஈய-அமிலப் பற்றரியில் பாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். 20 வாற் மின்விசிறி இரண்டு எட்டு மணி நேரம் சுழன்றால் ஏறக்குறைய 27 அம்பியர்-மணி முடிந்துவிடும். விளக்கும் கைப்பேசியும் சேர்ந்தால் அன்றைய இரவு சரி. குளிர்சாதனப் பெட்டியையும் ஓட்டினால் விடியுமுன் விசிறி நிற்கும். நம் ஊர் வெக்கையில் விசிறி நின்றால் யாரும் தூங்க மாட்டார்கள். ஆகவே 230 வோல்ட் இணைப்புத் தரக்கூடிய வளவு வேண்டும். செருகி வட்டக் காலா சதுரக் காலா என்று கேளுங்கள், மழையில் நனையாத வெளிப்புற வயர் ஒன்று கொண்டு போங்கள்.

வெக்கை தாங்காமல் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியின் கீழ் படுக்கவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு மணமற்றது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையலையும் வெளியே செய்யுங்கள், படுக்குமுன் சிலிண்டரை மூடுங்கள்.

மலசலகூடம் பற்றி மூன்று கேள்விகள்: நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை அடி, இரவில் விளக்கு எரியுமா, இருக்கை முறையா குந்தும் முறையா. முழங்கால் வலி உள்ள என் அம்மாவுக்கு மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

படி 6: வேனில்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

முடிந்தால் மோட்டார் சைக்கிளில் ஒரு மாலை போய் இருட்டும் வரை நில்லுங்கள். நிலத்தில் குதிக்காலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். புதைந்தால் அங்கே வேன் நிற்காது. சரளையோ இறுகிய தரையோ வேண்டும். பொழுதுபட்டதும் நுளம்பு எப்படி என்று பாருங்கள். வாவியோரம் கடற்பக்கத்தைவிட மோசமாக இருக்கும். களப்போரத்தில் முதலையும் உண்டு. பக்கத்து மண்டபத்தில் கல்யாணமா, ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு ஓயும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

கரைக்குக் கிட்ட நிறுத்துவதாயின் அடம்பன் கொடியைத் தேடுங்கள். அலை வழக்கமாக எட்டும் எல்லைக்குச் சற்று மேலேதான் அது படரும். அதற்குக் கடற்பக்கமாக நிறுத்தக் கூடாது, அதன்மேல் ஏற்றவும் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

படி 7: நிறுத்தும் விதம்

அண்ணாந்து பாருங்கள். தென்னைக்குக் கீழே நிழல் எவ்வளவு குளுமையாக இருந்தாலும் வேண்டாம். தேங்காய் ஒன்று விழுந்தால் கூரை நெளியும், மனிதர் மேல் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. வேம்பும் பூவரசும் நல்ல நிழல்.

நம் நாட்டு வேன்களில் இழுவைக் கதவு பெரும்பாலும் இடப்பக்கம். வேனின் முகம் தெற்கே பார்க்க நிறுத்தினால் கதவு கடலை நோக்கித் திறக்கும், மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு வேனின் மறுபக்கமான வலப்பக்கம் இருக்கும். ஆறு மணிக்கே வெயில் உள்ளே வரும் என்பதால் தடித்த திரை ஒன்று தேவை. பாதி நீர் நிரப்பிய போத்தலைத் தரையில் படுக்க வைத்துச் சரிவைப் பார்த்து, தாழ்ந்த சில்லின் கீழ் பலகை வையுங்கள். சிறிது சரிவு மிஞ்சினால் தலை உயர்ந்த பக்கம் இருக்கட்டும். புறப்படும்போது திருப்பத் தேவையில்லாதபடி நேரே வெளியேறும் வழியை விட்டு நிறுத்துங்கள்.

படி 8: புறப்படுமுன்

பாத்திரம் கழுவிய நீரையும் கழிவறைப் பெட்டியையும் கடலிலோ வாவியிலோ ஊற்றாதீர்கள். வளவுக்காரரின் மலக்குழி எங்கே என்று கேட்டு அங்கேயே கொட்டுங்கள். குப்பை உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும். வேனின் அடிப்பக்கத்தை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு ஒரே வாரத்தில் துருவைத் தொடக்கிவிடும். வளவுக்காரரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, எந்த மரத்தின் கீழ் நின்றீர்கள், இரவில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, தண்ணீர் எப்போது தீர்ந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கொப்பியை எழுதுவது மகள்.