பழைய டாலர் மதிப்பை ரூபாயில் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

ஆகஸ்ட் 15 நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: "1947-இல் ஒரு டாலரின் விலை ஒரு ரூபாய்தான்!" அது உண்மை இல்லை. ஆனால் நான் சொல்வதால் நீங்கள் நம்ப வேண்டாம். பழைய மாற்று விகிதத்தை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வகுத்தல் தெரிந்தால் போதும், கூடவே ஒரு எக்ஸெல் ஷீட் இருந்தால் வசதி.

படி 1: எந்தத் தேதி, என்ன வகை விகிதம்?

"1991-இல் டாலர் என்ன விலை?" என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. அந்த வருடம் ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 21 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டாலர் 26 ரூபாயை ஒட்டிப் போய்விட்டது. ஜனவரி முதல் டிசம்பர் வரை சராசரி எடுத்தால் 22.74 வரும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான 1991-92 நிதியாண்டின் சராசரி 24.47. இரண்டுமே சரியான எண்கள்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கணக்கு தப்பு.

ஆகவே, குறிப்பிட்ட நாளில் வந்த பணத்துக்கு அந்த நாளின் விகிதம். வருடம் முழுக்க வந்த வருமானத்துக்குச் சராசரி. பத்து, இருபது வருடங்களை ஒப்பிடும்போது எல்லா வருடத்துக்கும் ஒரே வகை.

படி 2: எண்களை எங்கே எடுப்பது?

அண்மைக் காலத்துக்கு ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் அன்றாட மாற்று விகிதங்களின் பழைய பட்டியல் (ரெஃபரன்ஸ் ரேட் ஆர்க்கைவ்) இருக்கிறது. 2018 ஜூலை 10 முதல் இந்த விகிதத்தை எஃப்.பி.ஐ.எல் என்ற நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுகிறது. யென்னுக்கு மட்டும் 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் என்று போட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃப்ரெட் தளத்தில் 1973 ஜனவரி முதல் தினசரி ரூபாய்–டாலர் விகிதம் இலவசமாகக் கிடைக்கிறது. உலக வங்கியின் ஆண்டுச் சராசரி 1960 வரை போகும். தொடக்கத்துக்கு ஃப்ரெட் ஃபைலைத்தான் நான் சொல்வேன்: ஒரே டவுன்லோடில் எல்லாம் வந்துவிடும்.

படி 3: அட்டவணையே இல்லாத காலத்துக்கு

பயப்பட வேண்டாம், பழைய காலக் கணக்குதான் உண்மையில் சுலபம். அப்போது விகிதம் தினமும் ஏறி இறங்கவில்லை. அரசு நிர்ணயித்தபடி நிலையாக இருந்தது. 1947-இல் ரூபாய் கட்டப்பட்டிருந்தது டாலரோடு அல்ல, பிரிட்டிஷ் பவுண்டோடு. எனவே பவுண்டு வழியாகப் போக வேண்டும்:

ஒரு ரூபாய் = 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ்.
ஒரு பவுண்டு = 240 பென்ஸ். 240 ÷ 18 = 13.33 ரூபாய்.
ஒரு பவுண்டு = 4.03 டாலர். 13.33 ÷ 4.03 = 3.31 ரூபாய்.

ஆக, சுதந்திரம் கிடைத்த அன்று ஒரு டாலருக்கு 3 ரூபாய் 31 காசு. அன்றைய கணக்கில் ஏறக்குறைய மூன்று ரூபாய் ஐந்து அணா. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: ரூபாய்க்கு அப்போது பன்னாட்டு நிதியத்தில் பதிவான மதிப்பு 30.225 சென்ட். 100-ஐ அதனால் வகுத்தாலும் அதே 3.31 வரும்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலராக இறக்கியது, ரூபாயும் கூடவே இறங்கியது. 13.33 ÷ 2.80 = 4.76. அதிலிருந்து 1966 ஜூன் 6 வரை அதிகாரப்பூர்வ விகிதம் இதுதான். நடுவில் எந்தத் தேதியைக் கேட்டாலும் யோசிக்காமல் 4.76 போடலாம். அதற்குப் பிறகு பவுண்டுக்கு 13.33 ரூபாய் என்பதைத் தொடாதீர்கள், அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது.

படி 4: சதவீதம் போடும்போது

1966-இல் டாலர் 4.76-இலிருந்து 7.50 ரூபாய் ஆனது. சிலர் 57.5 சதவீதம் என்பார்கள், சிலர் 36.5 சதவீதம் என்பார்கள். டாலர் பக்கமிருந்து பார்த்தால் அதன் விலை 57.5 சதவீதம் ஏறியது. ரூபாய் பக்கமிருந்து பார்த்தால், 21 சென்ட் பெற்ற ரூபாய் 13.33 சென்ட்டுக்கு வந்தது, அது 36.5 சதவீத இறக்கம். எதன் விலையைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு எண்ணைப் போடுங்கள்.

படி 5: ஷீட்டைச் சுத்தம் செய்வது

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் விகிதம் இருக்காது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் எக்ஸெல் அதைப் பூஜ்யமாக எடுத்து உங்கள் பெருக்கலையும் பூஜ்யமாக்கிவிடும். முந்தைய வேலை நாளின் எண்ணை அங்கே நிரப்புங்கள். தேதி முறையையும் பாருங்கள். 03/07/1991 என்பது நமக்கு ஜூலை 3, மதிப்புக் குறைப்பு நடந்த நாள். அமெரிக்க முறையில் அமைத்த கணினிக்கு அது மார்ச் 7.

அப்புறம், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது தினசரியா சராசரியா, எங்கே எடுத்தது என்று இரண்டு நெடுவரிசை (column) போட்டு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் வேறு எதுவும் கைகொடுக்காது.

படி 6: கையில் வந்த பணம் என்றால்

இதுவரை பார்த்த விகிதத்தில் எந்த வங்கியும் உங்களுக்குப் பணம் தந்திருக்காது. வங்கி வாங்கும் விலை கொஞ்சம் குறைவாகவும் விற்கும் விலை கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். வெளிநாட்டுச் சம்பளத்தையோ டிவிடெண்டையோ வருமான வரிக் கணக்கில் ரூபாயாக மாற்ற, எஸ்.பி.ஐ.யின் TT வாங்கும் விகிதத்தை (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு நேரடியாக வரும் பணத்தை வங்கி வாங்கும் விலை) எடுக்க வேண்டும். அதுவும் பணம் வந்த நாளுடையதை அல்ல, முந்தைய மாதத்தின் கடைசி நாளுடையதை.

1992 மார்ச்சிலிருந்து சுமார் ஒரு வருடத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். அப்போது இரட்டை விகிதம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் 40 சதவீதம் அதிகாரப்பூர்வ விகிதத்திலும் 60 சதவீதம் சந்தை விகிதத்திலும் மாற்றப்பட்டது. 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாயின. அந்த வருடத்துப் பழைய வங்கிச் சீட்டு வீட்டில் இருந்தால், ரூபாய்த் தொகையை டாலர் தொகையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் அந்த இரண்டு விகிதங்களுக்கும் நடுவில் இருக்கும், சந்தை விகிதத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து.