நிருபர் போன் செய்தால்: போட்டிச் சட்டச் செய்திக்குக் கருத்துச் சொல்லும் முறை

கம்பெனிகள் கூடி விலை வைப்பது போன்றவற்றைத் தடுக்க இருக்கும் இந்தியப் போட்டி ஆணையம் டெல்லியில் ஒரு பெரிய கம்பெனிக்கு அபராதம் போட்டால், அன்று மாலையே சேலத்தில் எனக்குப் போன் வரும். "மேடம், இதுல நம்ம ஊர் ஆளுக்கு என்ன இருக்கு? ரெண்டு வரி சொல்லுங்க." நிருபருக்கு அவசரம். ஆனால் அவர் கேட்பது சரியான கேள்வி. இதற்கெல்லாம் டெல்லி, மும்பை வழக்கறிஞர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நம் இளம் வழக்கறிஞர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமென்ட் மூட்டை வாங்குகிறவர் ஓமலூரிலும் ஆத்தூரிலும் இருக்கிறார். அவருக்குப் புரியும்படி சொல்ல அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலும் ஆள் வேண்டும். அப்படிச் சொல்ல நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பேசலாமா கூடாதா என்று பாருங்கள். பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடக் கூடாது. தான் ஈடுபட்ட வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரவைப்பதையும் படம் போடவைப்பதையும் அந்த விதி பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆகவே உங்களுக்கோ சீனியருக்கோ அந்த வழக்கில் வக்காலத்து இருந்தால், "இதில் நான் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு வேறொருவர் நம்பரைக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு முன்பு எப்போதாவது ஆலோசனை சொல்லியிருந்தால் அதையும் நிருபரிடம் சொல்லிவிட வேண்டும். போட்டிச் சட்டத்தின் 57-ஆவது பிரிவும் நினைவில் இருக்கட்டும். ஒரு நிறுவனத்தைப் பற்றி ஆணையம் திரட்டிய தகவலை, அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சட்டத் தேவைக்கு அப்பால் வெளியிடக் கூடாது. விசாரணைக் கோப்பில் படித்தது எவ்வளவு சுவையாக இருந்தாலும் வாயில் வரக் கூடாது.

அப்புறம், உத்தரவைப் படிக்காமல் பேசாதீர்கள். ஆணையத்தின் இணையதளத்தில் உத்தரவு கிடைக்கும். செய்திக்குறிப்பு மட்டும் போதாது. நேரம் இல்லையென்றால் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். என்ன செய்யச் சொன்னார்கள், என்ன செய்யக் கூடாது என்றார்கள், அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அரை மணி நேரம் கேட்டால் எந்த நிருபரும் மறுக்க மாட்டார்.

வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

என்னைப் பொறுத்தவரை கருத்துச் சொல்வதில் பாதி வேலை இதுதான். செய்திகளில் வரும் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

புகார் வந்ததும் ஆணையம் அதை முதல்நோக்கில் பார்க்கும். விஷயம் இல்லையென்றால் முடித்துவிடும். இருந்தால், விசாரணை நடத்தும்படி 26(1) பிரிவின் கீழ் தலைமை இயக்குநருக்கு உத்தரவிடும். அந்த நாளில்தான் "கம்பெனி சிக்கியது" என்று தலைப்பு வரும். உண்மையில் அன்று யாரும் சிக்கவில்லை. இது வெறும் நிர்வாக உத்தரவுதான், யாருடைய உரிமையையும் தீர்மானிப்பதில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் சேலம் உருக்காலையை நடத்தும் செயில் நிறுவனம் கட்சியாக இருந்த வழக்கு அது. நம் ஊர் நிருபரிடம் அதைச் சொன்னால் மறக்கவே மாட்டார்.

விசாரணை அறிக்கை வந்து, இரு தரப்பையும் கேட்ட பிறகுதான் 27-ஆவது பிரிவின் கீழ் அபராதம். அதுவும் முடிவல்ல. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். சிமென்ட் வழக்கைப் பாருங்கள். 2012-இல் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கும் அவர்கள் சங்கத்துக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வாதங்களைக் கேட்ட அமர்வில் உட்காராத ஆணையத் தலைவரும் கையெழுத்துப் போட்டார் என்பதால் 2015-இல் அது ரத்தானது. 2016-இல் ஆணையம் மறுபடி அபராதம் போட்டது, 2018-இல் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது, பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கூகுள் பிளே ஸ்டோர் வழக்கில் 2022 அக்டோபரில் போட்ட 936.44 கோடி, 2025 மார்ச்சில் தீர்ப்பாயத்தில் 216.69 கோடியாகக் குறைந்தது. முதல் நாள் தொகையை மட்டும் முழங்கிவிட்டுப் போனால் வாசகருக்குப் பாதிக் கதைதான் தெரியும். "இது எத்தனையாவது படி, இன்னும் எத்தனை படி இருக்கிறது" என்று நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடுத்து வருவது பணம் பற்றிய கேள்வி: "இந்த அபராதத்துல மக்களுக்கு ஏதாவது வருமா?" நேரடியாக வராது. அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க 53-என் பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. நீங்கள் சொன்னால் எழுதுவார்கள்.

எந்தச் சட்டம், எந்தக் கதவு?

போட்டிச் சட்டம் சந்தையைப் பார்க்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் கையில் இருக்கும் பில்லைப் பார்க்கிறது. நிருபர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் கேட்பார்கள். பிரித்துக் கொடுப்பது உங்கள் வேலை.

ஏற்காடு ஏரிக்கரைப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது போட்டி ஆணையத்துக்குப் போகும் விஷயமே இல்லை. எடையளவுச் சட்டம், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அதே பாட்டிலை உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் கூடுதலாக விற்றால் எடையளவுச் சட்டப்படி வழக்குப் போட முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "எங்கேயும் கூடுதல் விலை குற்றம்" என்று பேட்டி கொடுத்தால், மலைக்குப் போகும் குடும்பம் ஓட்டலில் வீணாகச் சண்டை போடும்.

கோடை விழா சமயத்தில் காட்டேஜ் வாடகை ஏறுவது குறித்தும் வருடா வருடம் கேட்பார்கள். கூட்டம் வருவதால் ஒவ்வொருவரும் தானாக ஏற்றினால் சட்டத்தில் தடையில்லை. இந்த விலைக்குக் கீழே யாரும் விடக் கூடாது என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தால் விஷயம் வேறு.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விவசாயிகளின் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "எல்லா சேகோ பேக்டரியும் ஒரே விலை சொல்றாங்க, இது கூட்டுச் சதி இல்லையா?" அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லாதீர்கள். ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் டெண்டரில் ஜவ்வரிசி என்ன விலைக்குப் போகிறது என்பது எல்லா ஆலைக்கும் தெரியும். அதை வைத்து, கிழங்கின் மாவுச்சத்தைக் காட்டும் பாயின்ட் கணக்குப் பார்த்து எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிற்பது இயல்பாகவும் நடக்கலாம். ஆனால் விவசாயியின் சந்தேகத்தைத் தள்ளிவிடவும் கூடாது. நான் கொடுக்கும் கருத்து இப்படி இருக்கும்:

"ஒரே விலை என்பது மட்டும் சட்டமீறல் ஆகாது. ஆலைகள் பேசிவைத்து அந்த விலையை வைத்தன என்பதற்குச் சான்று வேண்டும். போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு விற்கும் விலையை மட்டும் பார்ப்பதில்லை, வாங்கும் விலையைக் கூடி நிர்ணயிப்பதையும் தடுக்கிறது. சுற்றறிக்கையோ வாட்ஸ்அப் செய்தியோ கையில் இருந்தால் விவசாயிகளே ஆணையத்தில் தகவல் கொடுக்கலாம்."

யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எந்த ஆலையின் பெயரையும் சொல்லாதீர்கள், நிருபர் எவ்வளவு கேட்டாலும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வாங்கிய மெஷின் பழுதானால் என்ன? தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆகமாட்டார் என்று பலர் பேட்டியில் சொல்லிவிடுகிறார்கள். தன் பிழைப்புக்காக, சுயதொழிலாகத் தானே ஓட்ட வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த விலை 50 லட்சம் வரை வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்த மூன்றையும் எப்போது பேசினாலும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிவி என்றால்

டிவியில் வெட்டுவார்கள். ஒரு சேனலில் "குற்றச்சாட்டு நிரூபணமானால்" என்று நான் தொடங்கிய வாக்கியத்தில், அந்த முதல் பாதி போய், "கம்பெனி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை கட்ட வேண்டும்" மட்டும் ஒளிபரப்பானது. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வெட்டுவது சுலபம். அதனால் நிபந்தனையைத் தனி வாக்கியமாக முடித்துவிடுங்கள். "இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. விசாரணைதான் தொடங்கியிருக்கிறது." இப்படிச் சொன்னால் வெட்டினாலும் பொருள் கெடாது. விவாத நிகழ்ச்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் கத்தி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் முறை வரும்போது தேதியும் தொகையும் சொன்னால் போதும்.

பத்திரிகைக்குத் தொகைகளை வாட்ஸ்அப்பில் எண்ணாக எழுதி அனுப்புங்கள், போனில் சொன்னால் கோடி லட்சமாகிவிடும். உங்கள் மேற்கோளை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். முழுச் செய்தியையும் காட்டச் சொல்வது நியாயமில்லை, அது அவர்கள் தொழில். தலைப்பு தவறாக வந்தால் நிருபரிடம் கோபப்படாதீர்கள், தலைப்பு வைப்பது துணை ஆசிரியர். இணையப் பதிப்பில் உடனே திருத்தச் சொல்லுங்கள், பெரும்பாலும் திருத்துவார்கள்.

செய்தி வந்த மறுநாள் வாசகர்கள் உங்களைத் தேடுவார்கள். பில், ரசீது, பேசிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பெனியோடு பேசித் தீர்க்க முடிந்ததை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அனுப்புங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கொடுங்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். பேட்டியைப் பார்த்து வந்தவரிடம் அன்றே வக்காலத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.